28 கிராம்

ஜூன் 2

அப்பாவின் பழைய புல்லட் 350 ஒருவழியாகப் பிரிந்து கிடக்கிறது. சிலிண்டரின் மேல் விளிம்பில் நகம் தட்டி நிற்கும் அளவுக்குத் தேய்மானம். லேத் அண்ணன் உள்விட்டம் அளக்கும் போர் கேஜை விட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு மில்லி ஏத்திடலாம் தம்பி, அதுக்குக் குறைஞ்சா சுத்தமா வராது" என்றார். 70 மி.மீ. போர் (உள்விட்டம்) 71 ஆகும், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) அதே 90. 346 சிசி 356 ஆகிறது. பத்து சிசியை வைத்து ஏற்காடு மலையில் பறந்துவிட முடியாதுதான்.

ஜூன் 5

பிஸ்டன் வந்தது. கையில் எடுத்ததுமே சந்தேகம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் இரண்டையும் கொண்டுபோனேன். வெள்ளி நிறுக்கும் தராசில் எண்ணெய்ப் பிசுக்கை ஏற்ற விடுவாரா? பெட்ரோலில் கழுவித் துடைத்து, அடியில் காகிதம் போட்ட பிறகே விட்டார். ரிங், பின், லாக் எல்லாம் சேர்த்துப் பழையது 386 கிராம், புதியது 414.

"28 கிராம் வெள்ளி குறைஞ்சா நான் கவலைப்படணும். இரும்புக் கடைக்குப் போற சாமானுக்கு நீ ஏன் மாப்ள மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

ஒரு மில்லி அகலத்துக்கு இவ்வளவு கூடாது. இது வேறு கம்பெனி வார்ப்பு, தலைப்பகுதி தடிமன். இரவு நோட்டில் கணக்குப் போட்டேன்: 5000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் இந்த 28 கிராம், 35 கிலோவுக்கும் மேலான பளுவாக இழுக்கிறது. வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. அதற்கப்புறம் தூக்கம் எங்கே?

ஜூன் 9

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கைப் புதிய எடைக்கு ஏற்பச் சமன் செய்வது லேத் அண்ணனுக்குத் தேவையில்லாத வேலை. "எல்லாரும் அப்படியேதான் போட்டு ஓட்டுறாங்க" என்றார். ஓட்டுகிறார்கள்தான்; நம்பர் பிளேட்டும் கண்ணாடியும் உதிர உதிர. பிஸ்டனின் உட்புறத்தைச் சுரண்டலாம் என்றும் சொன்னார். வெடிப்பைத் தாங்கும் இடத்தில் நான் கை வைப்பதாக இல்லை.

தட்டுவடை செட் வாங்கிக்கொடுத்துச் சம்மதிக்க வைத்தேன்.

இரண்டு நேரான பட்டைகளை ரசமட்டம் பார்த்து இணையாக வைத்து, கிராங்கை அதன்மேல் உருள விட்டோம். அதற்கு முன், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் படுக்கையாகப் பிடித்து, பிஸ்டன் மாட்டும் சின்ன முனையை மட்டும் தராசில் வைத்ததில் 152 கிராம். ஏறி இறங்கும் எடை என்பது பிஸ்டனோடு இதையும் சேர்த்துத்தான்: பழையதில் 538, புதியதில் 566.

அப்புறம் சின்ன முனையில் நட்டும் வாஷருமாகக் கட்டித் தொங்கவிட்டோம். 171 கிராமில் கிராங்க், விட்ட இடத்தில் விட்டபடி நின்றது. அதோடு 152ஐக் கூட்டினால் 323. அதாவது ஏறி இறங்கும் 538இல் 60 சதவீதத்தைத்தான் கிராங்கின் எதிர் எடை சமன் செய்கிறது.

ஏன் நூறு இல்லை என்று லேத் பையன் கேட்டான். நல்ல கேள்வி. எதிர் எடை சுற்றுகிறது, பிஸ்டனோ மேலும் கீழும் மட்டும் போகிறது. முழுக்கச் சமன் செய்தால் மேல்கீழ் ஆட்டம் அப்படியே முன்பின் ஆட்டமாக மாறும். ஒற்றை சிலிண்டரில் ஆட்டத்தை ஒழிக்க முடியாது, பங்கு போடத்தான் முடியும்.

ஜூன் 16

அதே 60 சதவீதம் வேண்டுமென்றால் 28இல் 16.8 கிராம் ஈடுகட்ட வேண்டும். ராடின் பெரிய முனை மாட்டும் தண்டு (கிராங்க் பின்) இருக்கும் பக்கம் எடையைக் குறைத்தால் எதிர்ப்பக்கம் கூடின மாதிரி. அந்தப் பின் இருப்பது மையத்திலிருந்து 45 மி.மீ. தூரத்தில். 60 மி.மீ. தள்ளித் துளையிட்டால் 12.6 கிராம் எடுத்தாலே போதும். ஆனால் பின்னுக்கு நேராக இடமில்லை, அதன் இரு பக்கமும் போட வேண்டும். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்க வேண்டியிருக்கும்.

அண்ணன் கணக்குப்படி துளைக்கவில்லை. பாதி ஆழம் போட்டு, உருட்டிப் பார்த்து, மறுபடி துளைத்தார். "எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியுமா?" இந்த முறை கட்டியது 188 கிராம் (566இல் 60 சதவீதமான 340இல் 152 போக). மாலை ஆறரைக்குக் கிராங்க் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. அவரே போனில் வீடியோ எடுத்துக்கொண்டார்.

ஜூலை 14

500 கி.மீ. மெதுவாக ஓட்டிப் பதம் பிடித்தாகிவிட்டது. விடியற்காலை கோரிமேடு வழியாக அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது கியரில் ஏறும்போது ஃபுட்ரெஸ்ட்டில் பழைய அதிர்வேதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைத்தான் கேட்டேன். சமவெளியில் 75ஐத் தாண்டினால் மட்டும் ஹேண்டில்பாரில் ஒரு முறுமுறுப்பு. அது முன்பே இருந்ததா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"நான் எப்பப்பா எழுபத்தஞ்சுல போனேன்?" என்றார்.