தாயார் கடை

"மோட்டார் வாங்கப் போறீங்களாமே?" என்று ஆபீஸில் கிள்ளான் அண்ணன் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் மதுரைப் பக்கம் மோட்டார் என்றால் கிணற்றில் இறக்குவது. கோலாலம்பூர் செந்தூலில் பன்னிரண்டாவது மாடி வாடகை வீட்டில் கிணற்றுக்கு எங்கே போக? விழித்த விழியைப் பார்த்து அவரே கையால் ஆக்ஸிலேட்டர் முறுக்கிக் காட்டினார். மலேசியாவில் பைக்குக்குப் பெயர் மோட்டார். காருக்கு காடி. ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள், காலைச் சாப்பாடு பசியாறல். தமிழ் தெரிந்த நாட்டுக்குத்தானே போகிறோம் என்று 2022-இல் தைரியமாக விமானம் ஏறியவன், முதல் மூன்று மாதம் தமிழைத்தான் புதிதாகப் படித்தேன்.

மலாய் அதைவிட வேடிக்கை. வந்த வாரமே தெருவுக்குத் தெரு 'கெடாய் தாயார்' என்று பலகை. அதை 'கடை தயார்' என்று வாசித்துவிட்டு, அடேயப்பா, இந்த ஊரில் இத்தனை கடை திறப்புவிழாவா என்று நினைத்தேன். தாயார் என்றால் டயர். டயர் கடைகள்.

வேலைக்குப் போக ரயில் இருக்கிறது. வண்டி தேவையே இல்லை. ஆசையைக் கிளப்பியது சுங்கச்சாவடிகள். இந்த நாட்டின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது. தாய்லாந்து எல்லையிலிருந்து ஜொகூர் பாரு வரை போகிற வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் முழுதுமே இலவசம். பினாங்குப் பாலத்தில் 1 வெள்ளி 40 காசு வாங்கிக்கொண்டிருந்தார்கள், அதையும் 2019 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். சும்மா கிடைக்கிற ரோட்டை விடுவானேன்?

லைசென்ஸில் முதல் அடி விழுந்தது. எழுத்துத் தேர்வில் 50-க்கு 42 வாங்க வேண்டும், அது தாண்டிவிட்டது. ஓட்டுத் தேர்வில் 'தித்தி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து சற்றே உயர்ந்த, ஒரு சாண் சொச்சம் அகலமுள்ள நீளப் பலகை. அதன்மேல் கால் ஊன்றாமல், கீழே இறங்காமல், மெதுவாகப் போய்ச் சேர வேண்டும். பதினைந்து வருஷம் டவுன்ஹால் ரோட்டில் மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று ஏறினேன். பாதியில் இறங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த பதினேழு வயதுப் பெண் கோடு போட்டதுபோல் போய்ச் சேர்ந்தாள். இரண்டாம் முறைதான் எனக்கு பி2 கிடைத்தது. அதாவது 250 சிசி வரைக்கும்.

தேர்வுக்குக் கொடுக்கிற வண்டி கப்சாய். நம் ஊர் எம்80-க்கும் ஸ்பிளெண்டருக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோண்டா கப் என்ற பெயர்தான் சீனர் வாயில் கப்சாய் ஆனது. 1958-இல் மலாயாவுக்கு ஹோண்டாவைக் கொண்டுவந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. இன்றைக்கும் காலை ஏழு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையின் பைக் பாதையில் நின்றால் எறும்புச் சாரையாகக் கப்சாய்தான். பாதிப்பேர் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருப்பார்கள், ஜிப் முதுகுப் பக்கம். காற்று நெஞ்சில் அடிக்காது, வேலையிடத்தில் இறங்கியதும் ஒரே உருவலில் கழன்றுவிடும். பார்க்கும்போது சிரித்தேன். இப்போது நானும் அப்படித்தான் போடுகிறேன். பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது 1992 முதலே இங்கே சட்டம். மதுரையில் பகலில் லைட் எரிந்தால் எதிரில் வருகிறவர்கள் எல்லாம் ஐந்து விரலையும் குவித்து விரித்து ஜாடை காட்டுவார்கள். அந்த ஜாடையை இங்கே ஒருவரும் காட்டுவதில்லை என்பது ஏனோ கொஞ்ச நாள் வெறுமையாக இருந்தது.

வண்டிக்கு வருகிறேன். வேலை ஒப்பந்தம் இரண்டு வருஷம்தான் என்பதால் கடன் கிடைக்கவில்லை. கையில் இருந்ததை வைத்து ஒரு பழைய கவாசாகி வெர்சிஸ்-எக்ஸ் 250 வாங்கினேன். 2018 மாடல், 14,500 வெள்ளி. வெள்ளிக்குப் பதினெட்டு ரூபாய் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு அன்றிரவு தூங்கவில்லை. (பெருக்குகிற பழக்கம் போக எனக்கு ஒரு வருஷம் ஆனது.) ஆனால் பி2-க்குள் தூரம் போகத்தக்க வண்டி என்றால் அது நல்ல வண்டி. இரட்டை சிலிண்டர், 17 லிட்டர் டாங்க், முன்னால் 19 அங்குலச் சக்கரம். 110-இல் போனால் ஆர்பிஎம் முள் எட்டாயிரத்தில் நின்று கத்தும். அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். சாலை வரி வருஷத்துக்கு 50 வெள்ளி. விற்றவரும் நானும் ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்துத் துறை கவுண்டரில் கட்டைவிரல் வைத்தோம், பெயர் மாறியது. மதுரையிலிருந்து சுமந்து வந்த ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு கிள்ளான் அண்ணன், "சிரிம் ஸ்டிக்கர் எங்கலா? ஐஎஸ்ஐ-யை இங்க யாரும் கேக்கமாட்டான்" என்றார். சிரிம் என்பது இந்த ஊர்த் தர முத்திரை. அதற்கு ஒரு செலவு.

இனி என் முட்டாள்தனம்.

வண்டியோடு வந்தது ஐஆர்சி டயர், கம்பெனி போட்டது, பட்டன் பாதிக்கு மேல் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இணையத்தில் வெர்சிஸ்-எக்ஸ் படங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்கள், சேறு, ஆறு, பின்னால் மலை. நானும் ஒரு கடையில் போய் அதேபோல் ஒரு ஜோடி மாட்டினேன். பழையதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வண்டி நின்றால் என்ன கம்பீரம்! போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "டயர் என்னடா டிராக்டர் மாதிரி இருக்கு?" என்றாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஓட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. நெடுஞ்சாலையில் மாவு மில் சத்தம். வளைவில் சாய்த்தால் பற்கள் நெளிந்து, வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பும். கோலாலம்பூரில் மழை மத்தியானத்துக்கு மேல் அட்டவணை போட்டதுபோல் வரும். அக்டோபர், நவம்பரில் கேட்கவே வேண்டாம். மழை தொடங்கின முதல் பத்து நிமிஷம்தான் ஆபத்து, ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் மிதக்கும் நேரம். அப்படி ஒரு நாள் சிக்னலில் பிரேக் பிடித்தேன். பின் சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தது. கோடு என்றால் சுண்ணாம்பு இல்லை, உருக்கி ஊற்றிய வழவழப்பான பெயின்ட். அதன்மேல் உட்காருவது இரண்டே இரண்டு பல், மற்றதெல்லாம் இடைவெளி. சக்கரம் பக்கவாட்டில் ஒரு முழம் போய்த் திரும்பி வந்தது. விழவில்லை. பக்கத்துக் கப்சாய்க்காரர் என் டயரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

இத்தனைக்கும் பிறகு அதே டயரோடு பட்டர்வொர்த்துக்குக் கிளம்பினேன், நண்பன் வீட்டுக்கு. பீடோர் தாண்டி, தாப்பா வெளிவழிக்கு முன்னால், யாரோ பின் சீட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுவதுபோல் இருந்தது. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டு, எப்படியோ ஓரப் பாதையில் நிறுத்தினேன். பின் டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. இந்த வண்டிக்கு ஸ்போக்ஸ் சக்கரம், உள்ளே டியூப். டியூப்லெஸ் என்றால் ஆணி குத்தினாலும் காற்று மெதுவாக இறங்கும், வெளியிலிருந்தே திரி சொருகி ஓட்டலாம். டியூப் கிழிந்தால் ஒரே மூச்சில் காலி, சக்கரத்தைக் கழற்றாமல் ஒன்றும் நடக்காது. படத்தில் ஸ்போக்ஸ் அழகு என்று வாங்கினவனுக்கு இந்த வித்தியாசம் அவசர ஓரத்தில், லாரிகள் உரசிப் போகிற காற்றில்தான் உறைத்தது.

லாரியில் ஏற்றி தாப்பா ஊருக்குள் கொண்டு போட்டார்கள். தகரக் கூரை, வாசலில் பழைய டயர்களின் கோபுரம். கெடாய் தாயார். உள்ளேயிருந்து அறுபது அறுபத்தைந்து வயதில் ஒருவர் வந்தார். "பசியாறியாச்சா தம்பி?" என்று தமிழில் கேட்டார். எனக்கு அழுகை வராத குறை.

சக்கரத்தைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி, இரண்டு நெம்புகோலால் விளிம்பைக் கிளப்பி டியூப்பை உருவினார். ஆணி எதுவும் இல்லை. வால்வுக்குப் பக்கத்தில் ஒரு மடிப்பு, மடிப்பு தேய்ந்து நீளமாகக் கிழிந்திருந்தது. "இது பதினெட்டு டியூப். உங்க ரிம்மு பதினேழு. பெருசை மடிச்சு உள்ள திணிச்சிருக்கான்." பிறகு டயரின் பக்கச்சுவரைத் துணியால் துடைத்து, நான்கு எண்ணைத் தொட்டுக் காட்டினார். 2116. "இருபத்தோராவது வாரம், 2016. புதுசுன்னு சொல்லித்தான் வித்தானா?" ஆமாம், புதுசுதான். ஆறு வருஷம் கடையில் கிடந்த புதுசு. பக்கத்திலேயே இருந்த 65 என்பதற்கும் அர்த்தம் சொன்னார்: அந்த ஒரு சக்கரம் 290 கிலோ தாங்கும் என்று கணக்கு. அதற்கு அடுத்த எழுத்து கியூ, 160 கிலோமீட்டர் வேகம் வரை. "உங்க வண்டி அது போகாது, பயப்படாதீங்க."

கிழிந்த டியூப்பை இழுத்துப் பார்த்து, "இது பியூட்டைல், கித்தா இல்ல" என்றார். கித்தா என்றால் இங்கே ரப்பர், கித்தா மரம் என்றால் ரப்பர் மரம். பியூட்டைல் செயற்கை, காற்றை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும். இயற்கை ரப்பர் டியூப்பில் காற்று மெல்லக் கசியும், வாராவாரம் அடிக்க வேண்டும். ஆனால் இழுபடும், சட்டென்று கிழியாது. இவ்வளவும் அவர் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு அம்மா அப்பாவோடு, மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டுக்குப் போனவர். வெயில் ஏறினால் பால் சரியாக இறங்காது என்பதால் இருட்டிலேயே வெட்டு. "மழை பேஞ்சா வெட்டு இல்ல. வெட்டு இல்லன்னா சம்பளமும் இல்ல. நீங்க மழைக்குப் பாலத்தடியில ஒதுங்குறீங்கள்ல, நாங்க தோட்டத்து லயத்து வீட்டுல ஒதுங்கி உக்காந்திருப்போம், பட்டினியா." சொல்லிக்கொண்டே புதுடியூப்பில் பவுடர் தடவினார். தாத்தா சேலம் பக்கம் என்று கேள்வியாம். ஊர் பெயர் தெரியாது.

டயரை மறுபடி ஏற்றும்போது மேலே இருந்த மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராகத் திருப்பி வைத்தார். டயரில் எடை குறைந்த இடம் அது; வால்வின் எடை அதற்கு ஈடு. பிறகு நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார்.

"மண்ரோட்டுக்கு எத்தனை வாட்டி போனீங்க தம்பி?"

யோசித்தேன். பத்துமலைக்குப் பக்கத்தில் ஒரு வண்டி நிறுத்துமிடம், அது தார் போடாதது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஃபிரேசர் மலைக்குப் போனேன் என்றேன். "அது தார் ரோடுலா" என்றார்.

கோலாலம்பூர் திரும்பி, முன்பு போன கடைக்குப் போகாமல் வேறொரு கடையில் விசாரித்தேன். 100/90-19, 130/80-17 அளவுகளில் ஷின்கோ 705 கிடைத்தது, பிரெல்லி எம்டி60 கிடைத்தது. இரண்டும் நல்ல டயர்தான், மண்ணும் தாரும் கலந்து ஓட்டுகிறவர்களுக்கு. எனக்கு வேண்டியது தார், மேலும் தார், அதன்மேல் மழை. கடைசியில் எதை வாங்கினேன் என்றால், அதே ஐஆர்சி. பாதிப் பட்டன் மிச்சமிருக்கும்போது கழற்றி எறிந்தேனே, அது. இம்முறை பணம் கொடுப்பதற்கு முன் குனிந்து நான்கு எண்ணைப் பார்த்தேன். மூன்று மாதத்துச் சரக்கு. டியூப் பெட்டியையும் வாங்கி 17 என்று இருக்கிறதா என்று பார்த்தேன். கடைக்காரர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

காற்றுக்கும் ஒரு கதை உண்டு. இங்கே பெட்ரோல் நிலையத்தில் காற்று இலவசம், நாமே அடித்துக்கொள்ள வேண்டும். வேண்டிய அளவை அமைத்துக் குழாயை மாட்டினால் தானே நிரப்பி மணியடிக்கும். முதல் நாள் நான் மதுரைக் கணக்கில் 29 பிஎஸ்ஐ வைக்கப் பார்த்தேன். இயந்திரம் அவ்வளவு கீழே இறங்கவே மாட்டேன் என்றது. அது கிலோபாஸ்கல். நம் 29-க்கு அங்கே 200. வெள்ளியைப் பெருக்குவதை நிறுத்திய நான் இதை மட்டும் இன்னும் ஏழால் வகுத்துக்கொண்டிருக்கிறேன்.

நெடுஞ்சாலையிலேயே ஓடினால் பின் டயரின் நடுப்பட்டை தட்டையாகும், எனக்கு ஆகிக்கொண்டிருக்கிறது. அதைச் சமன் செய்யவாவது வளைவுகள் வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு கோலா குபு பாரு வழியே மலை ஏறுவேன். வீட்டில் யாரும் நம்புவதில்லை.

தாப்பாவில் கிளம்பும்போது 40 வெள்ளி வாங்கிக்கொண்டார். கிழிந்த டியூப்பைத் தூக்கிப் போடப் போனேன், தடுத்தார். கத்தரிக்கோலால் குறுக்கே குறுக்கே வெட்டினார், வளையல் வளையலாக வந்தது. ஏழெட்டு. "மழைச்சட்டையைப் பெட்டிமேல கட்டிக்கங்க. கயிறு அவுந்துரும், இது அவுராது." இரண்டு அறுந்துவிட்டன. மற்றவை இன்னும் பெட்டியில் இருக்கின்றன.