அட்வான்ஸில் கழித்த வக்கீல் ஃபீஸ்

2023 மார்ச் கடைசியில் பெரம்பூர் வீட்டைக் காலி செய்தேன். வாடகை 14,000, அட்வான்ஸ் 84,000. சாவியை வாங்கிக்கொண்ட ஹவுஸ் ஓனர், "பத்து நாள்ல போட்டு விட்டுர்றேம்மா" என்றார். ஒன்றரை மாதம் விடாமல் போன் செய்தேன். கடைசியில் பணத்துக்குப் பதிலாக வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அதில் ஒரு கணக்கு: பெயிண்டிங் 14,000, குழாய் - சுவிட்ச் ரிப்பேர் 3,500, வக்கீல் ஃபீஸ் 15,000. மீதி 51,500-ஐ வாங்கிக்கொண்டு, இனி பாக்கி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

எனக்கு அனுப்பிய நோட்டீஸுக்கு நானே ஃபீஸ் கட்ட வேண்டுமா? அக்ரிமென்டைத் தேடி எடுத்தேன். "இது தொடர்பாக எழும் சட்டச் செலவுகள் அனைத்தையும் வாடகைதாரரே ஏற்க வேண்டும்" என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கீழே என் கையெழுத்து. அன்று இரவு தூக்கமே வரவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

அலுவலகத்தில் ஒரு அக்கா சொல்லித்தான் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. சம்பளம் வாங்குகிற எனக்கெல்லாம் தருவார்களா என்ற தயக்கத்தோடுதான் படியேறினேன். தந்தார்கள். 15100 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

என் காகிதங்களை வாங்கிப் பார்த்த வக்கீல் அம்மா முதலில் கேட்டது, "இதை வாடகை அதிகார அமைப்புல பதிவு பண்ணீங்களா?" இல்லை. 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை அந்த அரசு அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். நாங்கள் முத்திரைத்தாளில் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டதோடு சரி. "பதிவு ஆகாத பத்திரத்தைச் சாட்சியமா காட்டுறது ரெண்டு பேருக்குமே சிக்கல். அட்வான்ஸ் கொடுத்ததுக்கு வேற என்ன இருக்கு?" என்றார். நல்லவேளையாக மொத்தத்தையும் வங்கி வழியாகவே அனுப்பியிருந்தேன். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

வக்கீல் ஃபீஸைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதி வைத்தேன்: வழக்கு நடந்தால் யார் செலவை யார் தருவது என்பதை முடிவு செய்வது நீதிபதி. வழக்கே இல்லாமல், தன் வக்கீலுக்குக் கொடுத்ததை ஓனர் தானாகவே அட்வான்ஸில் கழித்துக்கொள்வதை நாம் ஏற்க வேண்டியதில்லை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

அதே ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுத்தோம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. முதல் தேதியில் ஓனர் வரவில்லை. இரண்டாவது தேதிக்கு மகனோடு வந்தார்.

அதிகம் பேசியது பெயிண்டிங்கைப் பற்றித்தான். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னையில் வழக்கமாகிவிட்டது. ஆனால் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை, வெள்ளையடிப்பதை வீட்டு உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச் போன்றவை நம் பொறுப்பு. பெயிண்டிங்குக்கு ஒத்துக்கொண்டுதான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதை மறைக்க மனம் வரவில்லை. பாதிக்கு, 7,000-க்குச் சம்மதித்தேன். ரிப்பேருக்கு பில் கேட்டபோது 600 ரூபாய்க்குத்தான் இருந்தது. வக்கீல் ஃபீஸ் 15,000-ஐ, சமரசம் பேசி வைத்த நடுவர் அடித்துவிட்டார். ஓனரின் மகனே, "சரி, விட்டுருப்பா" என்றார்.

76,400 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார்கள். பணம் கணக்கில் ஏறியதும் வக்கீல் அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

இப்போது இருக்கும் வீட்டு அக்ரிமென்டிலும் சட்டச் செலவு பற்றிய அதே வாசகம் இருந்தது. புது ஓனரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரே பேனாவை வாங்கி அந்த வாசகத்தை அடித்தார். பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்த வாரமே பதிவுக்கும் விண்ணப்பித்தோம்.