பிள்ளைகளுக்கு ஒரு பேச்சு மன்றம்: இடம் கேட்டு அலைந்த அனுபவம்

18 வயது நிறையாத பிள்ளையை, மேடைப் பேச்சு பழகுவதற்கென்று உலகெங்கும் கிளைகள் வைத்திருக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் உறுப்பினராகச் சேர்க்க முடியாது. இந்த ஒரு வரியை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் என் மகள் அன்று அழுதுகொண்டே வீடு திரும்பியிருக்க மாட்டாள்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். விருந்தினராக யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தொலைபேசியில் சொன்னதால்தான் அழைத்துப் போனேன். சீட்டு எடுத்து, தலைப்பைப் படித்ததும் பேசும் பகுதியில் அவளையும் எழுப்பிவிட்டார்கள். நேரம் தெரிய அட்டை காட்டுவார்கள்: ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரை நிமிடத்தில் மஞ்சள், இரண்டு நிமிடத்தில் சிவப்பு. மஞ்சள் வரும்வரை தாக்குப்பிடித்துப் பேசினாள். கை தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் விண்ணப்பப் படிவம் கேட்டுப் போய் நின்றவளிடம் வயதைக் கேட்ட நிர்வாகி, "பதினெட்டு முடிந்ததும் வாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிட்டார். மாற்று வழி உண்டா என்று நான் கேட்டதற்குப் பதிலே இல்லை.

மாற்று வழி இருக்கிறது. அதே கூட்டத்திலிருந்த, தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எங்களுக்குப் பின்னாலேயே படியிறங்கி வந்து சொன்னார். வயது காரணமாக உறுப்பினராக முடியாதவர்களுக்கென்று கேவல் கிளப் என்ற ஏற்பாட்டை அந்த நிறுவனமே வைத்திருக்கிறது. அதைத் தவிர, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான இளைஞர் தலைமைப் பயிற்சித் திட்டமும் உண்டு. எட்டு அமர்வுகள், ஓர் அமர்வு ஒன்று முதல் இரண்டு மணி நேரம். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு மன்றத்தின் உறுப்பினர் பொறுப்பேற்று நடத்த வேண்டும். "இடத்தையும் பிள்ளைகளையும் நீங்கள் பாருங்கள், நடத்துவதற்கு ஆள் நான் கொண்டுவருகிறேன்" என்றார் ஐயா. சொன்னபடி கடைசிவரை நின்றார்.

இந்த மன்றங்களைத் தொடங்கிய ரால்ஃப் ஸ்மெட்லி 1905 வாக்கில் அமெரிக்காவின் புளூமிங்டன் ஊரில், ஒய்.எம்.சி.ஏ.வுக்கு வந்துபோன வளர்ந்த பையன்களுக்குப் பேச்சுப் பயிற்சி தேவைப்படுகிறது என்று கண்டுதான் முதல் குழுவை அமைத்தார். இன்றைய அமைப்பின் தொடக்கமாகச் சொல்லப்படும் சாண்டா அனா கூட்டம் நடந்தது 1924 அக்டோபரில். பையன்களுக்காகத் தொடங்கிய ஒன்றில் இன்று பையன்களுக்குத் தனி வாசல். விதியில் எனக்குச் சண்டை இல்லை. அந்தத் தனி வாசல் எங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் ஒரு பெண் பிள்ளையைத் திருப்பி அனுப்பியதில்தான் கோபம், அது இன்னும் ஆறவில்லை.

இடம் தேடத் தொடங்கும் முன்பே பக்கத்துத் தெருப் பயிற்சி மையத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆளுமை வளர்ச்சி, மேடைப் பேச்சு, சான்றிதழ், கோப்பை எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டேன், தயங்கித்தான் அனுமதித்தார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து காமராசரைப் பற்றிப் பேசினார்கள். "கல்விக் கண் திறந்த" என்ற இடத்தில் ஒவ்வொருவரும் வலது கையைக் கண்ணருகே கொண்டுபோய் வெளியே விரித்தார்கள். அடுத்து வந்த பிள்ளையும் அதே இடத்தில் அதே கை. எழுதியவர் ஆசிரியர், அசைவு சொல்லிக்கொடுத்தவரும் ஆசிரியர். பிள்ளையின் சொந்த வார்த்தை ஒன்றுகூட அங்கே இல்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மகனை அங்கே சேர்த்தார். பிள்ளைக்குப் பிடிக்காமல் நின்றபோது கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை முழுதாகப் பார்த்துவிடுங்கள். ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் எழுந்து நின்று தன் பேச்சைப் பேசுகிறது, ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். வேறெதுவும் விசாரிக்க வேண்டியதில்லை.

பிறகு பள்ளிக்கூடம். சனிக்கிழமை மாலை ஒரு வகுப்பறை, நான்கு மின்விசிறி. கேட்டது அவ்வளவுதான். தாளாளர் மகிழ்ச்சியாகவே சம்மதித்தார். ஆனால் அவர் மனத்தில் இருந்தது விழா. தொடக்கவிழா வைக்க வேண்டும், சிறப்பு விருந்தினர் வர வேண்டும், வாசலில் பதாகை கட்ட வேண்டும், வகுப்புக்கு இரண்டு பேராக நன்றாகப் பேசக்கூடியவர்களைப் பள்ளியே தேர்ந்தெடுத்துத் தரும் என்றார். நன்றாகப் பேசுகிறவர்களுக்கு எதற்கு மன்றம்? பேச வராத பிள்ளைக்குத்தானே வேண்டும்? இதைச் சொன்னபோது அவருக்கு விளங்கவே இல்லை. தொடக்கவிழா நடந்தது. விருந்தினர் பேசினார், தாளாளர் பேசினார், இன்னொருவர் வாழ்த்தினார். வரிசையில் காத்திருந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் வாய் திறக்க நேரம் கிடைக்கவில்லை. பள்ளி வேன் கிளம்பிவிட்டது. அடுத்த வாரம் காலாண்டுத் தேர்வைக் காரணம் காட்டி அறையைப் பூட்டினார்கள். தேர்வு முடிந்தும் திறக்கவில்லை.

அதே பள்ளியில் இன்னொன்றும் நடந்தது. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறது. அம்பேத்கர், கலைஞர், அண்ணா, பெரியார், காந்தி, நேரு பிறந்தநாள்களையொட்டிப் பள்ளி மாணவர்களுக்குத் தனி, கல்லூரி மாணவர்களுக்குத் தனி. முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பரிசும் உண்டு. விண்ணப்பத்தில் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும். சுற்றறிக்கை பள்ளிக்கு வந்து மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. தினசரியில் செய்தி பார்த்து நான் போய்க் கேட்ட பிறகுதான் வெளியே எடுத்தார்கள். அப்போதும் எழுத்தர், "தமிழ் ஆசிரியர் பரிந்துரைத்த பெயர் மட்டும்தான் போகும், அம்மா" என்றார். யாரை அனுப்பினார்கள் என்று கேட்டால், அனுப்பவே இல்லை. ஆகவே, போட்டிச் செய்திக்குப் பள்ளியை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சில வாரம் முன்பிருந்தே செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தைப் பார்த்துவாருங்கள். கையெழுத்தோடு பள்ளி முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன்பே சரிபாருங்கள்.

கடைசியில் கைகொடுத்தது கிளை நூலகம். அதுவும் உடனே அல்ல. மாடியில் ஒரு கூடம், மழைக்கு ஒழுகாத கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாம் சும்மா கிடந்தன. நூலகர் நல்லவர், தன்னால் தனியாக அனுமதி தர முடியாது, மேலிடத்துக்குக் கடிதம் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டவரிடம் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கேட்டேன். "இதற்கெல்லாம் ஒப்புகை தருவதில்லை" என்றார். சில வாரம் கழித்துப் போனால் அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்றார்கள். மறுபடி எழுதி, இந்த முறை நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் நகர மாட்டேன் என்று அந்த மேசைக்கு எதிரிலேயே நின்றேன். போட்டுக் கொடுத்தார்கள். அந்த நகல்தான் பின்னால் பேசியது.

ஆனாலும் அனுமதி நகரவில்லை. முடிச்சை அவிழ்த்தவர் நூலகரேதான். நூலகங்களுக்கு வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. வாசகர் வட்டத்தின் நிகழ்ச்சியாக நடத்தினால் தனி ஆள் இடம் கேட்பதாக ஆகாது. நூலகத்தின் சொந்த நிகழ்ச்சி ஆகிவிடும். வட்டத்தின் தலைவர் ஒரு தாளில், 'மாணவர் பேச்சுப் பயிற்சி, சனிக்கிழமை மாலை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கூடவே என் பழைய கடிதத்தின் நகலையும் இணைத்தோம். அந்த வாரமே கூடம் திறந்தது. உங்கள் ஊரில் இடம் இல்லை என்று சோர்ந்திருப்பவர்கள் முதலில் கிளை நூலகத்துக்குப் போய் வாசகர் வட்டம் இருக்கிறதா, தலைவர் யார் என்று கேளுங்கள். நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைத்தான் முதலில் சொல்வேன்.

எட்டு அமர்வுகள் எப்படிப் போயின என்று விரித்துச் சொல்ல அதிகம் இல்லை. ஐயா இரண்டு இளைஞர்களை அழைத்து வந்தார். அவர்கள் ஆங்கிலத்தில் தொடங்கியபோது தமிழ்வழிப் பிள்ளைகள் தலை குனிந்தார்கள். அன்றே தமிழுக்கு மாற்றிவிட்டோம். தமிழிலேயே நடக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும்போது நம் தெருவில் எதற்குத் தயக்கம்? பெரியவர்களின் மன்றத்தில் தயாரித்த பேச்சுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம். நாங்கள் இரண்டு முதல் மூன்று என்று வைத்துக்கொண்டோம். அட்டை காட்டும் வேலையை மிகவும் கூச்சப்படும் பிள்ளைக்குக் கொடுத்தோம். வாயைத் திறக்காமலேயே கூடத்தை நடத்தும் அதிகாரம் அதற்குக் கிடைத்துவிடுகிறது. சில வாரத்தில் தானாகப் பேச எழுந்துவிடுகிறது. "வந்து", "அப்புறம்", "அதாவது" எத்தனை முறை வந்தன என்று எண்ணுவதற்கு ஒருவர். அந்த வேலைக்குத்தான் பெரிய போட்டி.

ஒரு பையனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏழாம் வகுப்பு. வீட்டில் விசைத்தறி. அவன் அப்பா தானே ஒரு பேச்சை எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்து அனுப்பியிருந்தார். 'அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கங்களைச் சமர்ப்பித்து' என்று தொடங்கும் பேச்சு. பையன் 'சமர்ப்பித்து'விலேயே நின்றுவிட்டான். சன்னலுக்கு வெளியே நின்ற அப்பா உதட்டை அசைத்து அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் அப்பாவைப் பார்க்கிறான், தாளைப் பார்க்கிறான், குரல் வரவில்லை. ஐயா எழுந்து போய் அந்த அப்பாவைத் தோளில் கைபோட்டுக் கீழே தேநீர்க் கடைக்கு அழைத்துப் போய்விட்டார். நான் பையனிடம், "தாளை வைத்துவிடு தம்பி. வீட்டில் தறி ஓடும்போது நீ என்ன செய்வாய்?" என்றேன்.

"குறுக்கே போகிற ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும், அக்கா. நீளவாக்கில் இருக்கிற பாவு நூல் அறுந்தால் நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும். நாம்தான் கண்ணில் பிடிக்க வேண்டும்" என்று தொடங்கினான். ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் திரும்பும் என்று இரண்டு கையாலும் காட்டினான். அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் துணியில் நீளமாக ஒரு கோடு விழும், அந்தத் துணிக்குக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள், அதனால் பாட்டி இரவில் தறிக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுப்பாள் என்றான். பச்சை வந்தது, மஞ்சள் வந்தது, அவன் எதையும் பார்க்கவில்லை. சிவப்பு அட்டையைப் பார்த்ததும் பட்டென்று உட்கார்ந்துவிட்டான். ஒரு கணம் யாருக்கும் கை தட்டக்கூடத் தோன்றவில்லை.

அந்த வாரத்திலிருந்து பேச்சு நடக்கும்போது பெற்றோர் மாடிக்கு வரக்கூடாது என்று விதி செய்தோம். சிலர் முறைத்துக்கொண்டார்கள். ஒருவர் பிள்ளையையே நிறுத்திவிட்டார். விதியை மாற்றவில்லை. அதற்குப் பதிலாகக் கூடத்தில் எப்போதும் பொறுப்பான பெரியவர்கள் இரண்டு பேர் இருப்போம், ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு தனியாக இருப்பதில்லை என்று எல்லா வீட்டுக்கும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் கோப்பில் இருக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்து வெளியே போடக்கூடாது. தடுமாறிய பேச்சு உறவினர் குழுக்களில் சுற்றினால் அந்தப் பிள்ளை மறுபடி எழாது.

மதிப்பீடு என்று ஒரு பகுதி உண்டு. பேசியவரைப் பற்றி இன்னொருவர் பேச வேண்டும்: எது நன்றாக இருந்தது, அடுத்த முறை மாற்ற வேண்டியது எது. ஒன்றே ஒன்று. பிள்ளைகள் இதை இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். "நீ மாட்டைப் பற்றிச் சொன்னது கண்ணில் தெரிந்தது, ஆனால் தரையைப் பார்த்தே பேசினாய்" என்று ஒரு சிறுமி தன் அண்ணனிடம் சொன்னாள். இதே வேலையை ஓர் ஆசிரியரிடம் ஒருமுறை கொடுத்தோம். உச்சரிப்பில் தொடங்கி ஒழுக்கத்துக்குப் போய், பேசிய பையன் அழும்வரை விடவில்லை. இப்போது மதிப்பீடு முழுக்கப் பிள்ளைகளின் கையில்.

பரிசு இல்லை, கோப்பை இல்லை, தரவரிசையும் இல்லை. எட்டு அமர்வு முடிந்ததும் கேவல் கிளப்பாக இணைய வேண்டுமா என்று பேசினோம். இணைந்தாலும் அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் கலந்துகொள்ள முடியாது; அவை உறுப்பினர்களுக்கு மட்டும். ஆனால் இணையாமல் அவர்கள் பெயரை வைத்துக்கொள்ளக்கூடாது. ஆகவே இப்போதைக்கு வாசகர் வட்டத்தின் மாணவர் மன்றம் என்ற பெயரிலேயே நடக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்கும் முழுஆண்டுத் தேர்வுக்கும் விடுமுறை என்று வருடத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டோம். அறிவிக்காமல் நின்றால் மன்றம் மூடிவிட்டது என்று பேச்சு கிளம்பிவிடுகிறது.

ஜூனில் பள்ளி திறந்ததும் இரண்டாவது குழு தொடங்கும். 10 வயது முதல் 17 வரை, கட்டணம் இல்லை. தலைப்புச் சீட்டுகளை எழுதும் பொறுப்பை விசைத்தறிப் பையன் கேட்டு வாங்கியிருக்கிறான். என் மகள் நிகழ்ச்சியை நடத்துகிறாள். கூடத்தில் இன்னும் எட்டுப் பத்து நாற்காலி தேவைப்படுகிறது. அதற்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். ஒப்புகை வாங்கியாகிவிட்டது.