ஒன்பதாம் நம்பர் இடம்

கால்பந்து அணிப் பட்டியலில் என் பெயருக்கு நேரே எப்போதும் ஃபார்வர்டு என்றுதான் போட்டிருப்பார்கள். நடுவில் நின்று கோல் போடுகிற ஸ்ட்ரைக்கர், அதாவது ஒன்பதாம் நம்பர். களத்தில் அந்த இடத்தில் நான் நின்ற நேரம் குறைவு. கோட்டோரமாக ஓடும் இடது விங், வலது விங், ஒரு சீசனில் பெரும்பாலும் தடுக்கவும் ஏறி ஆடவும் வேண்டிய விங்பேக், ஆள் இல்லாத நாளில் இடது பக்கம் தடுக்கும் லெஃப்ட் பேக். "புரொபஷனல் ஸ்ட்ரைக்கர்னு சொன்னாங்களே, எத்தனை கோல் போட்டிருக்கே?" என்று ஊரில் கேட்கிறார்கள். எண்ணிக்கையைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் நியாயம்.

ஊர் நீலகிரியில் கூடலூர் பக்கம், டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் ஆரம்பித்த தோட்டங்கள் இவை. தாத்தா அப்படி வந்தவர். எங்களுக்குக் கால்பந்து சென்னையிலிருந்து வரவில்லை, நாடுகாணி சுரம் என்கிற மலைப்பாதை வழியாகக் கேரளத்து மலப்புறத்திலிருந்து ஏறி வந்தது. வழிக்கடவு, நிலம்பூர் என்று இறங்கினால் கோடை ராத்திரிகளில் லைட் போட்டு செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, நடக்கும். மூங்கிலும் பாக்கு மரமும் வைத்துக் கட்டிய கேலரியில் ஊரே உட்கார்ந்திருக்கும். ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களை நான் முதலில் பார்த்தது டிவியில் அல்ல, அங்கேதான். அண்ணன்மாரோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போவோம்.

தோட்டத்தில் எங்கள் பிரிவில் சமதளம் என்று இருந்தது ஒரே ஒரு இடம், அதுவும் ஒரு பக்கமாகச் சரியும். ஜூனில் மழை பிடித்தால் ஆகஸ்ட் வரை விடாது. எங்கள் பக்கத்துத் தேவாலா மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேற்றில் பந்தைத் தள்ளிவிட்டு ஓட முடியாது. காலோடு ஒட்ட வைத்துக்கொண்டு, எதிராளி சறுக்கும் நொடி பார்த்துத் திரும்ப வேண்டும். பிற்பாடு எந்தக் கோச்சும் என் முதல் டச்சைக் குறை சொன்னதில்லை. அகாடமி எதுவும் சொல்லிக் கொடுத்த வித்தையல்ல அது.

மாவட்டத் தேர்வுக்கு ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துக்குப் போவோம். 2,240 மீட்டர் உயரம். கூடலூர் அதில் பாதி அளவுதான், ஆகவே மலைக்காரர்கள் என்று பெயரெடுத்த எங்களுக்கே மூச்சு இரைக்கும். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்துக்குத் தடை இல்லை, அடித்தால் நீண்டு போகும், வளைவதும் குறையும். அதில் பழகிய கண்ணோடு சென்னைக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். கார்னரிலிருந்து வரும் பந்துக்காக நான் பின் போஸ்டில், அதாவது தூரத்துக் கோல் கம்பத்தருகே, நிற்பேன், அது எனக்கு முன்னாலேயே இறங்கிவிடும். ஆரம்ப வாரங்களில் என்னைப் பார்த்தவர்கள் பையனுக்குப் பந்தைக் கணிக்கத் தெரியவில்லை என்றே நினைத்திருப்பார்கள். வெயில் தனிக் கதை. அதை விட்டுவிடுகிறேன்.

இந்த வேலையில் பந்து காலில் இருப்பது தொண்ணூறு நிமிஷத்தில் இரண்டு, மூன்று நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் எதிரணியில் நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக்கோடு ஒரு திருட்டு விளையாட்டு. அவன் ஒன்று பந்தைப் பார்க்கலாம், அல்லது என்னைப் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாதபடி அவன் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும். அவன் பந்துப் பக்கம் தலையைத் திருப்பியதும், பின் போஸ்டுக்கு இரண்டு எட்டு வைப்பதுபோல் காட்டிவிட்டு முன்னால் வெட்டி ஓட வேண்டும். பெரும்பாலும் பந்து வராது. வராத பந்துக்காக அதே ஓட்டத்தை அதே வேகத்தில் திரும்ப ஓட வேண்டும், ஏனென்றால் மெதுவாக ஓடிய அந்த ஒரு தடவைதான் பந்து வரும். பயிற்சியில் எனக்கு மூத்த ஸ்பெயின்காரர் ஒருவர் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: "டிஃபெண்டரின் கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார். கண் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது." எனக்குக் கிடைத்த பாடங்களிலேயே உருப்படியானது அது. சொல்லிக் கொடுத்தவர் ஆடிய இடம்தான் எனக்குக் கிடைக்காத இடம்.

2014-இல் ஐ.எஸ்.எல். எனும் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது ஒரு அணி களத்தில் 6 வெளிநாட்டவரை இறக்கலாம். 2017-18-இல் அது 5 ஆனது, 2021-22-இல் 4. எண்ணிக்கை குறைந்ததென்னவோ உண்மை. ஆனால் அந்த நான்கில் ஒன்று பெரும்பாலான கிளப்களில் ஒன்பதாம் நம்பருக்கே போகிறது. காசு செலவழிப்பவர் கோலுக்குத்தானே செலவழிப்பார்? 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து சென்னை சிட்டி எஃப்.சி. இன்னொரு தேசிய லீகான ஐ-லீக் பட்டம் வாங்கியபோது, மலையிலிருந்து இறங்கிப் போய் கத்தித் தீர்த்தவர்களில் நானும் ஒருவன். உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்ஸி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம்ம ஆட்கள் நடுக்களத்திலும் விங்கிலும் உழைத்தார்கள். தமிழ்நாட்டு அணி இந்திய அளவில் பட்டம் ஜெயித்த நாள், அதில் குறை காண யாருக்குத் தோன்றும்?

கிளப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உதவிக் கோச் தோளில் கை போட்டு அழைத்துப் போனார். "தம்பி, உன் வேகத்துக்கு விங்ல ஆடிப் பாரேன். நடுவுல நின்னா பெஞ்சுதான். அங்க போனா நிமிஷம் கிடைக்கும்." கோபம்தான் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நாலு மேட்ச் தொடர்ந்து தோற்றால் போவது கோச்சின் வேலை. இருபது வயதுப் பையன் தப்புச் செய்து கற்றுக்கொள்ளட்டும் என்று காத்திருக்க அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

விங்கில் என்ன குறை என்று கேட்கலாம். அங்கே பந்து வரும்போது முகம் கோலைப் பார்த்திருக்கும். நடுவில் முதுகு கோலைப் பார்த்திருக்கும், பின்னால் ஒருவன் முழங்கையை விலாவில் வைத்திருப்பான். இரண்டும் இரண்டு தொழில். இரண்டு சீசன் கோட்டோரமாக ஓடினால் உடம்பு மற்றதை மறந்துவிடும். அப்புறம் ஒரு நாள் வெளிநாட்டுக்காரருக்குக் காயம் பட்டால் திடீரென்று திரும்பிப் பார்த்து, "நீ ஃபார்வர்டுதானே?" என்பார்கள். என் எண்ணத்தில் வெளிநாட்டவரை முழுதாக நிறுத்தினாலும் இது சரியாகாது. பதினேழிலிருந்து இருபத்தொன்று வயதுக்குள் ஒரு ஸ்ட்ரைக்கர் கண்டபடி கோல் வாய்ப்பை வீணடிக்க வேண்டும், அதற்கு வாராவாரம் மேட்ச் வேண்டும். இங்கே அது இல்லை.

2024 ஜூன் 6 அன்று இந்தியாவுக்காக 94 கோல்களோடு ஓய்வு பெற்ற ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், இந்திய அணி மறுபடி கூப்பிட்டது. வந்தவர் மாலத்தீவுக்கு எதிராக 95-ஆவது கோலையும் போட்டார். எல்லோரும் கொண்டாடினார்கள். அவர் இடத்துக்கு இன்னொருவர் இல்லை என்பதால், என்னைப் போன்றவர்களுக்கு அது கொண்டாட்டமும் குத்தலும் சேர்ந்த செய்தி. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. சிவகங்கை மாவட்டம் கண்டனூர்க்காரரான சிவசக்தி நாராயணன் 2022 டூரண்ட் கோப்பை இறுதியில் கோல் அடித்தார். அந்த ஐ.எஸ்.எல். சீசனின் பிற்பாதியில் பெங்களூரு அணி அவரை முதலில் இறக்கி, சேத்ரியைப் பெஞ்சிலிருந்து கொண்டுவந்தது. இடம் கொடுத்தால் நடக்கும் என்பதற்கு அந்த ஒரு சீசன் போதும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. பதினெட்டு வயது ஆகாதவரோடு 3 வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போடக் கூடாது என்று ஃபிஃபா விதி இருக்கிறது, பெரியவர்களுக்கு 5 வருடம். அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட என்னை யாரும் அழைத்ததில்லை. ஒரு வருடம், கிளப் விரும்பினால் இன்னொரு வருடம், அவ்வளவுதான். 2025 ஜூலையில், லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்து கூட்டமைப்புக்கும் இருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதைக் காரணம் காட்டி ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைத்தார்கள். மேல்மட்டத்திலேயே அந்த நிலை என்றால் கீழ்மட்டத்தில் இருப்பவன் யாரிடம் போய்க் கேட்பது? அந்தச் சமயத்தில் செவன்ஸ்காரர்கள் ஃபோன் செய்தார்கள். ஒரு ராத்திரிக்குக் கையில் காசு. பதிவு செய்த ஆட்டக்காரர் செவன்ஸ் ஆடினால் சிக்கல், அதனால் மறுத்தேன். அப்பா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இப்போது சென்னையிலிருந்து ஒரு அழைப்பு வந்திருக்கிறது. அங்கே சீனியர் டிவிஷன் லீகில் இந்தியன் வங்கி, வருமான வரித் துறை, சுங்கத் துறை, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை மாதிரி அலுவலக அணிகள் ரொம்ப நாளாக ஆடுகின்றன. வேலையும் உண்டு, ஆட்டமும் உண்டு. அந்த வகை அணி ஒன்றின் ட்ரயல் அது. ஊழியர்களை வைத்தே ஆடுகிற அணி, எனவே ஒன்பதாம் நம்பரை யாருக்கும் வெளிநாட்டிலிருந்து எடுத்து வைக்க முடியாது. "கவர்ன்மெண்டு வேலைப்பா, யோசிக்காதே" என்கிறார் அம்மா. எனக்கு அங்கிருந்து கிடைத்த முக்கியமான தகவல் வேறு: அவர்களுடைய ஸ்ட்ரைக்கருக்கு முழங்கால் போய்விட்டதாம், இந்த சீசனோடு ஃபைல் பார்க்க உட்காரப் போகிறாராம்.