பொலிவியா குரூப் கூட்டிட்டு போற வேலை

டூர் மேனேஜர்னா ஓசில ஊர் சுத்துற வேலைன்னு தான் சொந்தக்காரங்க எல்லாரும் நினைச்சுட்டு இருக்காங்க, நானும் விளக்கம் சொல்றதை விட்டுட்டேன். பெரு, பிரேசில், சிலின்னு தென் அமெரிக்கா குரூப் நிறைய பாத்தாச்சு, ஆனா பொலிவியா லிஸ்ட் கைக்கு வந்தா மட்டும் வேலை டபுள். உயுனி உப்பு வெளி ஒண்ணு தான் போட்டோ காமிச்சாலே வித்துடும், மிச்சதெல்லாம் "சுரங்கமா, பழைய ரயிலா, சிமென்ட் குவாரியா, இதுக்கா சார் இவ்ளோ பணம்"னு கேக்க வைக்கிற ரகம். போகப் போக தான் எனக்கே உறைச்சுது, இந்த நாட்டுல வித்தியாசமான இடம்னு நாங்க விக்கிறதுல முக்கால்வாசி யாரோ வேலை பாத்த இடம், இல்லன்னா இப்பவும் வேலை பாத்துட்டு இருக்கிற இடம்.

லா பாஸ் நகரத்துக்கு இறங்குற எல் ஆல்டோ ஏர்போர்ட்டே 4,000 மீட்டருக்கு மேல இருக்கு. முதல் நாள் பூரா என் வேலை ஆளுங்களை உக்கார வைக்கிறது தான். கோக்கா இலை டீ குடுப்பாங்க, "இது அந்த கோக்கைனாப்பா?"ன்னு எல்லா குரூப்லயும் ஒரு மாமா கேப்பார், இலை வேற அது வேறன்னு சொல்லிட்டு, ஊருக்கு மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்கன்னும் சேர்த்து சொல்லணும். மறுநாள் கேபிள் கார். 2014ல ஆரம்பிச்சு இப்போ 10 லைன் ஓடுது, ஆனா அது ஜனங்க வேலைக்கு போக வர கட்டினது, காலைல கேமராவோட கும்பலா ஏறினா பின்னாடி நிக்கிறவங்க முறைப்பாங்க, அதனால நான் பத்து மணிக்கு மேல தான் கூட்டிட்டு போவேன்.

எனக்கு அந்த ஊர்ல பிடிச்சது வரிக்குதிரை பசங்க. 2001ல முனிசிபாலிட்டி ஆரம்பிச்ச திட்டம், வரிக்குதிரை டிரஸ் போட்ட இளவட்டங்க ரோடு கிராஸ் பண்ண உதவுவாங்க. ஒரு மினிபஸ் கோட்டுக்கு மேல ஏறி நின்னுச்சுன்னா அதுக்கு முன்னாடி போய் இடுப்புல கை வச்சு தலையை ரெண்டு பக்கமும் ஆட்டுவாங்க, டிரைவர் சிரிச்சுட்டே பின்னாடி எடுப்பான். ஃபைன் கிடையாது, சத்தம் கிடையாது. பக்கத்துல பார்லிமென்ட் கட்டடத்துல 2014ல கடிகாரத்தை எதிர்ப்பக்கமா சுத்துற மாதிரி மாத்தினாங்க, தெற்குப் பாதி பூமில சூரிய நிழல் அப்படித்தான் நகரும்னு காரணம் சொன்னாங்க. எல்லாரும் அதை போட்டோ எடுப்பாங்க, எனக்கு என்னவோ வரிக்குதிரை தான் ஒசத்தி.

உயுனில சண்டை வேற மாதிரி. மழைக்காலத்துல போனா தரை கண்ணாடி மாதிரி வானத்தை காட்டும், மழை இல்லாத மாசத்துல போனா வெள்ளைத் தரைல அறுகோணக் கட்டமா வெடிச்சிருக்கும், ஆனா காசு குடுத்தவங்களுக்கு ரெண்டும் ஒரே நாள்ல வேணும். தண்ணி நின்னா உப்பு நடுவுல இருக்கிற கள்ளிச்செடி தீவு இன்காவாசிக்கு வண்டி போறதே சந்தேகம், அதை கிளம்புறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிக்கிறது நல்லது. 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல உப்பு கிடக்குது, அத்தனைக்கும் ஓரத்துல இருக்கிற கொல்சானி கிராமத்துக்கு போனா ஒரு சின்ன ரூம்ல ஒருத்தங்க உக்காந்து அயோடின் கலந்த உப்பை கையால பாக்கெட்ல அள்ளிப் போட்டு, வாயை மடிச்சு கேஸ் நெருப்புல ஒரு இழுப்பு இழுத்து ஒட்டுறாங்க, ஒட்டின பாக்கெட்டை பாக்காமலே பின்னாடி போடுறாங்க. ஒரு பாக்கெட்டுக்கு சில நொடி தான். நம்ம ஆளுங்க வெளிய ஒத்தக் கால்ல நின்னு விளையாட்டு போட்டோ எடுத்துட்டு இருப்பாங்க, நான் மட்டும் இதைப் பாத்துட்டு நிப்பேன்.

ரயில் கல்லறை ஊருக்கு வெளிய தான். சுரங்கத்துலேர்ந்து தாதுவை பசிபிக் கரைக்கு ஏத்திட்டு போன நீராவி இன்ஜின்லாம், சுரங்கத் தொழில் படுத்ததும் அப்படியே விட்டுட்டு போயிட்டாங்க. கோயம்புத்தூர் பக்கம் ஃபவுண்ட்ரி வச்சிருக்கிற ஒருத்தர் ஒரு பாய்லரை தட்டிப் பாத்துட்டு, "ஏனுங்க தம்பி, இத்தனை வருசம் உப்புக் காத்துல நின்னும் தகடு எவ்ளோ கனமா இருக்குது பாருங்க"ன்னார். அவரை அங்கேர்ந்து கிளப்புறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

சுக்ரே ஊர்ல சிமென்ட் குவாரி. கல் வெட்டிட்டு போகும்போது 1990கள்ல வெளிப்பட்ட ஒரு சுவர், நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல, அதுல 5,000க்கும் மேல டைனோசர் காலடித் தடம். ஏதோ ஏரிக்கரைச் சேறா இருந்தது பூமி நெளிஞ்சு நெட்டுக்குத்தா நிமிர்ந்துடுச்சு. பக்கத்துல பிளாஸ்டிக் டைனோசர் பொம்மையெல்லாம் நிறுத்தி வச்சிருக்காங்க, அதை பிள்ளைங்களுக்கு விட்டுட்டு நேரா சுவர்கிட்ட போயிடுங்க.

பொடோசிங்கற சுரங்க ஊர் தான் மனசுக்கு கஷ்டம். செர்ரோ ரிகோ மலைல 1545ல வெள்ளி கண்டுபிடிச்சாங்க, ஸ்பெயின்காரன் பூர்வகுடி ஜனங்களை முறை வச்சு கட்டாயமா இறக்கினான், எத்தனை பேர் செத்தாங்கன்னு சரியான கணக்கே கிடையாது. மலை இன்னும் ஓயல. இப்போ கூட்டுறவு சங்கமா சேந்து வெட்டுறாங்க, நிறைய பேருக்கு மாசச் சம்பளம்லாம் இல்ல, கிடைச்சதுல பங்கு தான், தூசி நுரையீரல்ல இறங்கி சிலிகோசிஸ்ங்கற நோய் வரும். உள்ள ஒரு கிளைச் சுரங்கத்துல 'எல் டியோ'ன்னு கொம்பு வச்ச சாமி சிலை இருக்கு, வாயில சிகரெட்டை பத்த வச்சு, மடியில கோக்கா இலை போட்டு, 96 சதவீத ஆல்கஹாலை முதல்ல அவருக்கு ஊத்திட்டு தான் தொழிலாளிங்க குடிப்பாங்க. நம்ம ஊர்ல சுடலைமாடனுக்கு சுருட்டு வைக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், எங்க குரூப்ல ஒரு அக்கா கேக்காமலே பூட்ஸைக் கழட்டப் போனாங்க, சுரங்கத்துக்குள்ள கழட்டக் கூடாதுன்னு நான் தான் தடுத்தேன்.

ஆனா அதே குரூப்ல ஒரு பையன், எதிர்ல தள்ளுவண்டி வருது, வழி விடுங்கன்னு கத்துறாங்க, இவன் வீடியோ எடுத்துட்டு நிக்கிறான். அன்னைக்கு சாயங்காலமே சுரங்கத்தை ப்ரோக்ராம்லேர்ந்து தூக்கிடலாம்னு ஆபீஸுக்கு மெயில் டைப் பண்ணினேன். அனுப்புறதுக்கு முன்னாடி எங்க லோக்கல் கைடுகிட்ட சொன்னேன், அவரே முன்னாடி உள்ள வேலை பாத்தவர் தான். "நீங்க வரலைன்னா நான் திரும்ப உள்ள தான் போகணும்"னார், கோபமா கூட சொல்லல. மெயிலை அழிச்சுட்டேன்.

இப்போ நான் பண்றது இது தான். சுரங்கம் விருப்பப்பட்டா மட்டும், மூச்சுத் தொந்தரவு இருக்கிறவங்களுக்கு கிடையவே கிடையாது, தொழிலாளி மூஞ்சிக்கு நேரா கேமரா கூடாது. கீழ சுரங்கத் தொழிலாளிங்க மார்க்கெட்ல அவங்களுக்கு கொண்டு போறதுக்கு டைனமைட் குச்சி கூட விக்கிறாங்க, அதைப் பிடிச்சுட்டு போஸ் குடுக்காம கையுறை, ஜூஸ், கோக்கா இலை வாங்குங்கன்னு சொல்வேன். வேண்டாம்ங்கறவங்களை பழைய நாணயச்சாலை மியூசியத்துக்கு அனுப்பிடுவேன். வெள்ளியை தகடாக்குற பெரிய மர மெஷின் இன்னும் இருக்கு, கீழ்த் தளத்துல கோவேறு கழுதைங்களைக் கட்டி அதைச் சுத்த வச்சிருக்காங்க. உலகத்துக்கே காசு அடிச்ச ஊரு, இன்னைக்கு பொலிவியாவோட சில்லறை வெளிநாட்டுல அடிச்சு வருது. அதைக் கேட்டதும் நம்ம ஆளுங்க பையைத் துழாவி ஒரு பொலிவியானோ நாணயத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க, நான் பஸ்ல தலை எண்ணப் போயிடுவேன்.