கடையை அளக்காமல் விட்டோம், எட்டு வருடம் போனது

லண்டனில் லீஸ்ஹோல்ட், அதாவது நீண்ட காலக் குத்தகையில், ஃபிளாட் வைத்திருப்பவர்களுக்கு சர்வீஸ் சார்ஜ் என்ற பராமரிப்புக் கட்டணத் தொல்லையை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு, கீழே ஒரு கடை. 2017இல் நிர்வாகத்தை நாங்களே எடுத்துக்கொள்ளும் உரிமைக்காக ஆர்டிஎம் (Right to Manage) கம்பெனி பதிந்து நோட்டீஸ் கொடுத்தோம். ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்துவிட்டதால் வேலை முடிந்தது என்றே நினைத்தோம்.

கடையை யாரும் அளக்கவில்லை. கட்டடத்தின் பரப்பில் குடியிருப்பு அல்லாத பகுதி 25 சதவீதத்தைத் தாண்டினால் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்போது அந்த உரிமையே கிடையாது. முன்கடை மட்டும் என்றால் தப்பியிருப்போம். பின்னால் இருந்த சரக்கு அறையும் சேர்ந்து 27 ஆகிவிட்டது. வரைபடம் கேட்டு, கட்டடத்தை நிர்வகித்த ஏஜென்ட் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தும் கிடைக்கவில்லை, கடைசியில் எங்கள் காசில்தான் சர்வேயர் வந்தார். நோட்டீஸை வாபஸ் வாங்கினோம். அப்போதைய சட்டப்படி ஃப்ரீஹோல்டரின் (கட்டடத்தின் உரிமையாளர்) வக்கீல் பில்லும் எங்கள் தலையில். தயவுசெய்து முதலில் அளந்துவிடுங்கள்.

2019 ஜனவரியில் இங்கிலாந்து, வேல்ஸ் சட்ட ஆணையம் இதே விதிகளைப் பற்றிக் கருத்துக் கேட்டது. ஏப்ரல் 30 கடைசி நாள். நான் கோபத்தில் நான்கு பக்கம் கொட்டித் தீர்த்தேன். வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் படித்துவிட்டு, “தம்பி, உன் வழக்கைத் தீர்க்க அவங்க கோர்ட் இல்ல. சட்டத்துல எந்த இடம் உன்னைத் தடுத்துச்சுன்னு மட்டும் காட்டு” என்றார். முழுவதையும் அழித்தேன். கேள்வி எண் வாரியாக, சர்வேயரின் அளவுகளையும் கட்டிய பில்லையும் வைத்து மறுபடி எழுதி அனுப்பினேன்.

2020 ஜூலையில் அறிக்கை வந்தது. 25 சதவீதத்தைத் தாண்டிய கட்டடங்களுக்கும் உரிமை வேண்டும் என்று அதில் இருந்ததைப் பார்த்ததும் எட்டு வீட்டுக்கும் போன் போட்டேன். அடுத்த மாதமே நோட்டீஸ் கொடுத்துவிடலாம் என்று சொன்னது என் தப்பு. ஆணையம் பரிந்துரைக்கத்தான் முடியும், ஏற்பதும் விடுவதும் அரசின் கையில். நான்கு வருடம் ஓடி, 2024 மே 24 அன்று இந்த மாற்றத்தைக் கொண்ட புதிய சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. அப்போதும் அவசரப்படக் கூடாது: ஒப்புதல் கிடைத்த நாளும் பிரிவு அமலுக்கு வரும் நாளும் வேறு. வரம்பு 50 சதவீதமாக உயர்ந்தது 2025 மார்ச் 3 முதல்தான். ஃப்ரீஹோல்டரின் செலவை நாங்கள் சுமக்கும் விதியும் அன்றே பெரும்பாலும் போனது.

அப்புறம் நோட்டீஸ், காத்திருப்பு எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தது. ஆகஸ்டில் பொறுப்பு கைக்கு வந்த அன்றே, இரண்டு வருடமாக எரியாத மாடிப்படி விளக்கை மாற்றினோம்.