77-வது நிமிடம்

சீசன் டிக்கெட் (ஒரு சீசன் முழுக்க சொந்த மைதான ஆட்டங்களைப் பார்க்கும் டிக்கெட்) விலையை ஏற்றுகிறார்கள் என்று இங்கிலாந்து கால்பந்து ரசிகர்கள் கொதிக்கும்போதெல்லாம் எனக்கு 2016 பிப்ரவரிதான் ஞாபகம் வரும்.

அடுத்த சீசனில் மைதானத்தின் புது மெயின் ஸ்டாண்டில் (பார்வையாளர் மாடம்) ஒரு ஆட்டத்துக்கான சில டிக்கெட்டுகள் 77 பவுண்டு என்று லிவர்பூல் கிளப் அறிவித்திருந்தது. லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் சண்டர்லாண்ட் அணியுடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னிலை வேறு. சரியாக 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும் சொந்த டீமை அப்படியே விட்டுவிட்டுப் போவதென்றால் எவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்க வேண்டும்! (அவர்கள் போனதும் சண்டர்லாண்ட் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை டிரா ஆக்கியது தனிக் கூத்து.) சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, விலையேற்றத்தைக் கைவிட்டார்கள்.

பெரிய கிளப்புகளுக்கு டிவி உரிமையில் கொட்டும் பணத்துக்கு முன்னால் இந்த விலையேற்றத்தில் வருவது சில்லறை. ஆனாலும் ஏற்றுவார்கள். ஏனென்றால் ஒருமுறை சீசன் டிக்கெட்டை விட்டுவிட்டால் திரும்ப வாங்க வரிசையில் வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். அப்பா காலத்திலிருந்து உட்கார்ந்த இடத்தை யார் விடுவார்? அந்தப் பாசத்துக்குத்தான் விலை போடுகிறார்கள்.

எதிரணிக்காக வெளியூரிலிருந்து வரும் ரசிகர்களுக்கு மட்டும் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு உண்டு. அதுவும் ரசிகர்கள் போராடி வாங்கியதுதான். அதையே உள்ளூர்க்காரனுக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.